அத்தையின் ஆங்கிலப் பரீட்சை

ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன் ஆட்களை மனசுக்குள் நிறுத்திப் பார்த்துக்கொள்வேன். செய்தவர் யார், என்ன செய்தார், யாருக்கு நடந்தது? அலுவலகத்தில் மேலதிகாரிக்கு லீவு கேட்டு எழுதும்போதுகூட அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வந்த பழக்கம் இல்லை இது. ஆங்கிலத்தில் தேறாத என் அத்தையோடு விளையாடி வந்த பழக்கம்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். பிளஸ் டூவில் மற்றதெல்லாம் தேறி ஆங்கிலத்தில் மட்டும் போய்விட்டது. அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். ஊசி போட எதற்கு இங்கிலீஷ் என்பாள் அம்மா. ஆனால் துணைத்தேர்வில் அதை முடித்துக்கொண்டு வந்தால்தான் இடம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. எங்களுக்கும் சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் அந்த வருஷம்தான் ஆரம்பம். இருவரும் சேர்ந்தே முட்டிமோதினோம். தமிழில் பூனையை முன்னே போட்டாலும் பின்னே போட்டாலும் சாகிறது எலிதான். ஆங்கிலத்தில் கொஞ்சம் இடம் மாறினால் எலி பூனையைத் தின்றுவிடுகிறது.

“இங்கிலீஷ்ல நிக்கிற எடத்த வச்சுதான்டி ஆளு” என்பாள் அத்தை.

அதனால் வீட்டில் நடப்பதையெல்லாம் வாக்கியமாக்கி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். சரியாகச் சொன்னால் உள்ளங்கையில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். ஒருநாள் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தபோது, அழுகைக்கு நடுவே “அம்மா சப்ஜெக்ட், நான் ஆப்ஜெக்ட்” என்றேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது. எனக்கு டிக் கிடைத்தது.

குறுவை நடவு முடிந்த சமயம் திருவிடைமருதூர் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பரீட்சையில் தேறினால் கல்யாணத்துக்குப் பிறகு படிக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஆடி பிறந்தால் நல்ல காரியம் செய்ய முடியாது. ஆனியில் மிச்சமிருந்த ஒரே நல்ல நாளில் பூ வைப்பதென்று முடிவாயிற்று. அன்றுதான் ஆங்கிலப் பரீட்சையும். அப்பா அதை மறக்கவில்லை.

“விடியக்காலையிலயே பூ வச்சுட்டுப் போயிடுவாங்கம்மா. நானே கொண்டுபோய் ஒன்ன விடுறேன்” என்றார்.

அத்தை நம்பினாள். முதல் நாள் இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு கட்டுரையை ஒப்பித்தாள். பக்கத்தைத் திருப்பிவிடுவது என் வேலை.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா அத்தை தலையில் பூ வைத்தார். தட்டு மாற்றினார்கள், கேசரி சாப்பிட்டார்கள். நேரம் நிறையவே இருந்தது. அப்பா பைக்கைத் திருப்பி வாசலில் நிறுத்தினார். அத்தை பட்டுப்புடவையோடே ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டார். பரீட்சை எழுத, குத்தாலத்துக்கு என்றார் அப்பா.

“பூ வச்ச பொண்ணு அன்னைக்கே ஆத்தத் தாண்டலாமாங்க? ஒங்க பக்கம் அதெல்லாம் பாக்க மாட்டீங்களா?” என்றார் பெரியம்மா.

எங்கள் ஊருக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் காவிரி. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். எப்போது வரும் எப்போது வரும் என்று அப்பா காத்துக்கிடந்த தண்ணீர் அப்போது இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“மதியத்துக்குள்ள வந்துருவாங்க” என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பெரியம்மா தாம்பூலத் தட்டைப் பார்த்தார். அப்பா பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அடுத்த தடவ எழுதிக்கலாம்மா.”

அத்தையின் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. அடுத்த ஆனியில் அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்த அடுத்த தடவை வரவேயில்லை.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. பரீட்சையிலிருந்து தப்பித்துவிட்டாளே என்று பொறாமையாகக்கூட இருந்தது. எல்லோரும் போனபின் அத்தை உள்ளறையில் புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் இப்படி இருக்கிறாள் என்று புரியாமல், சிரிக்க வைப்பதற்காக விளையாட்டை ஆரம்பித்தேன்.

“அத்தே, இன்னைக்கு நடந்ததுல யாரு சப்ஜெக்ட்?”

“அவங்கல்லாம்.”

“நீ?”

“ஆப்ஜெக்ட்.”

உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை. எனக்கு ஒரே பெருமை. சிவப்புப் பேனாவை எடுத்துவந்து அவள் கையை விரித்து டிக் போட்டேன். மருதாணிச் சிவப்பில் அது தெரியவில்லை. அழுத்திப் போட்டேன். அப்போதும் தெரியவில்லை. இன்னும் அழுத்தினேன். அத்தையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பேனா குத்திவிட்டது என்று நினைத்தேன். அவள் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, வலி போகட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தேன்.