கார் ஏறும் மலைகள்

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் டென்மார்க்கின் மலைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். முன்பு நானும் சேர்ந்து சிரித்தவன்தான். நாட்டிலேயே ஆக உயர்ந்த இடம் நூற்றெழுபது மீட்டர் சொச்சம். அதற்கு ஒரு பெயர், ஒரு பலகை, கார் நிறுத்த ஓர் இடம், உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை. இப்போது நான் சிரிப்பதில்லை. இந்த மலைகள் இன்னும் இருநூறு மீட்டர் வளர்ந்திருந்தால் என் மனைவி அவற்றின் உச்சியைப் பார்த்திருக்க மாட்டாள்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில். இருபது வருடமாக முதியோர் இல்லத்தில் மற்றவர்களைத் தூக்கி இருத்தியவள், எங்கள் குசினி நிலத்தில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை இருந்தாள். வீட்டுக்கு வந்தபோது இடது கையும் காலும் சொன்னதைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் படி ஏறி வருவதுபோல வந்தது. கொம்யூன் எனப்படும் நகரசபையிலிருந்து ஒரு சக்கர நாற்காலியும், கிழமையில் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க ஓர் இளம் பெண்ணையும் அனுப்பினார்கள்.

இதெல்லாம் நடந்ததை நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் ஊரில் எங்கள் தமிழ் ஆட்கள் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

எனக்கு மனிதர்களோடு கதைப்பது எப்போதுமே கஷ்டம். தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதியில் முப்பது வருடமாக வேலை செய்கிறேன். அங்கே இயந்திரச் சத்தம் இருப்பதால் கதைக்கத் தேவையில்லை, அதுவே எனக்குப் பிடித்த விஷயம். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த முதல் கிழமை கோயில் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. கோயில் மடைப்பள்ளியில் என் மனைவியோடு சேர்ந்து சமைக்கிறவர் அவர்.

"தம்பி, எங்க அவ? ஃபோனும் எடுக்கிறா இல்லை. வெள்ளிக்கிழமை முந்நூறு பேருக்குச் சமையல், நான் தனிய நிண்டு சாகிறன்."

உண்மையைச் சொன்னால் பத்துக் கேள்வி வரும். அதற்குப் பிறகு ஐம்பது பேர் வருவார்கள். நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் ஆட்களுக்கு ஒரு கடமை. அப்பிள் பையோடு வந்து வரிசையாக இருந்து, இதே வருத்தம் வந்து செத்துப்போன ஆட்களின் கதையை ஒவ்வொன்றாகச் சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் முன்னால் அவள் வாய் கோணிப்போய்க் கிடப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

"அவ கனடாவுக்குப் போட்டா அக்கா. தங்கச்சிக்குச் சுகமில்லை," என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியாது.

அவளிடம் சொன்னபோது அவள் கோபிக்கவில்லை. "நல்லதாப் போச்சு," என்றாள். "ஒருத்தரும் வர வேண்டாம்."

அப்படியே அவள் கனடாவில் இருந்துவிட்டாள். மாசி வந்தது, பங்குனி வந்தது. யன்னல் திரையைத் திறக்க முடியாது, எங்கள் தெருவால் யாராவது தமிழ் ஆள் போகலாம். அவளால் கடைக்குப் போக முடியாது. தபால் பெட்டி வரைக்கும்கூட நாற்காலியில் போக முடியாது. கோயில் அக்கா விட்டபாடில்லை. "அங்க இருந்து வரேக்க எனக்கு ரெண்டு பருத்திச் சேலை கொண்டுவரச் சொல்லும்," என்று நிறத்தையும் சொல்லிவிட்டார். ஒடென்சேயில் இருக்கும் மகள் தொலைபேசியில் டேனிஷில் கத்தினாள்: "அப்பா, இது பைத்தியக்காரத்தனம். அம்மாவை நீங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்." நான் தமிழில் "ஓம் பிள்ளை, பாப்பம்" என்று சொல்லி வைத்தேன்.

அவள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். முதலில் டி.வி. பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். பயிற்சிப் பெண் ஒரு நாள் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, இவள் இப்படியே வீட்டுக்குள் இருந்தால் கை கால் வந்தாலும் ஆள் வரமாட்டாள் என்றாள். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவள் அதோடு போயிருக்கலாம். அவள் அடுத்த தடவை ஒரு தாள் கொண்டுவந்தாள். கார் உச்சிவரை போகக்கூடிய, சக்கர நாற்காலி ஓடக்கூடிய இடங்களைத் தன் கையால் எழுதி, எங்கே கழிப்பறை இருக்கிறது, எங்கே பாதை சரளைக்கல், எங்கே தார் என்றுகூடக் குறித்திருந்தாள். அந்தத் தாளை இன்றைக்கும் கார் டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

எனக்கு அந்தத் தாளில் இன்னொன்று பிடித்தது. எங்கள் ஆட்கள் மலை பார்க்கப் போவதில்லை. கல்யாண மண்டபத்துக்கு நூறு கிலோமீற்றர் ஓடுவார்கள், சாமத்தியச் சடங்குக்கு ஜேர்மனிக்கே போவார்கள். குளிர் காற்றில் நின்று வயல் பார்க்க ஒருவரும் போகமாட்டார்கள்.

முதல் ஞாயிறு போன இடம் ஐயர் பௌனஹொய். நாங்கள் அதை ஐயர் மலை என்றுதான் சொல்லுவோம். உச்சியில் ஒரு பெரிய கோபுரம் இருக்கிறது. காரை விட்டால் சில அடி தூரம்தான். அவளைக் காரிலிருந்து இறக்கவே எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. ஒரு டேனிஷ் கிழவர் தன் நாயை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாற்காலியின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டார். இந்த நாட்டு மனிதர்களின் குறைந்த பேச்சு எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

மேலே காற்று அடித்தது. அவளுடைய சால்வை பறந்து முகத்தில் ஒட்டியது. நல்ல கையால் அதை விலக்கிவிட்டு, கீழே விரிந்து கிடந்த வயல்களையும் தூரத்தில் மினுங்கிய தண்ணீரையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "என்னப்பா, இவ்வளவு பச்சையா இருந்ததே இந்த நாடு?" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் பேசிய ஆக நீளமான வசனம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். மொல்ஸ் மலைப் பக்கம் போன நாள் பாதையில் ஒரு படலை குறுக்கே வந்து, நாற்காலி போகவில்லை. காருக்குள் இருந்தே கடலைப் பார்த்துப் புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். தாளில் அந்த இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு கோடு போட்டேன். நாட்டின் ஆக உயர்ந்த புள்ளியில் ஒரு திரிகைக்கல்லைப் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்து அவள், "இதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

வைகாசி முடிவில் அவள் ஹிம்மெல்பியர்க் போகவேண்டும் என்றாள். சில்க்போர்க் ஏரிகளுக்கு மேலே நிற்கும் அந்த மலையை எல்லோருக்கும் தெரியும். நான் பயந்தேன். மலைக்கே போகாத எங்கள் ஆட்களும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்தால் அங்கே மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் அவள் வாய் திறந்து கேட்டுவிட்டாள். நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் ஆட்கள் காலை எட்டு மணிக்கு வெளிக்கிடுவோம் என்றால் பதினொன்றுக்குத்தான் வெளிக்கிடுவார்கள். நாங்கள் ஒன்பதுக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்பிவிட்டால் ஒருவர் கண்ணிலும் படமாட்டோம்.

ஒன்பதுக்கு அங்கே போனோம். ஐஸ்கிறீம் கடையே திறக்கவில்லை. மரங்களுக்கு நடுவால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஏரி தெரியும் விளிம்புக்குப் போக ஒரு சின்னச் சரளைக்கல் ஏற்றம். அதில் சில்லுப் புதைந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்போதுதான் பின்னால் தமிழ் கேட்டது.

"பாத்து, பாத்து, சாம்பார் சட்டி சரியுது!"

திரும்பினேன். கோயிலின் கோடைச் சுற்றுலா. நாற்பது பேர், சட்டி பானையோடு, மரங்களுக்குள்ளால் வந்துகொண்டிருந்தார்கள். முன்னுக்குக் கோயில் அக்கா.

அவர் என்னைக் கண்டார். பிறகு நாற்காலியைக் கண்டார். சட்டியை அப்படியே நிலத்தில் வைத்தார்.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஓடலாம் என்றால் சில்லு புதைந்திருக்கிறது. அவள் முகத்தைச் சால்வையால் மூடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. நல்ல கை மடியிலேயே இருந்தது.

அக்கா கிட்ட வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எடியே," என்றார், "இதுவோ கனடா?"

என் மனைவி வாயைத் திறந்தாள். சொல் வர நேரமெடுத்தது. நாற்பது பேரும் அதற்காகக் காத்து நின்றார்கள்.

"ஓம் அக்கா," என்றாள். "சேலைதான் கிடைக்கேல்லை."

அக்கா வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினார். "நீர் வாயில்லாத ஆள் எண்டெல்லோ நினைச்சன். பொய் சொல்ல மட்டும் வாய் இருக்கோ? எட்டு மாசம்! இவளைப் பூட்டி வைக்க உமக்கு ஆர் சொன்னது?"

"நான்தான்," என்றாள் என் மனைவி. அது முழு உண்மையில்லை. எனக்காகச் சொன்னாள்.

"ரெண்டு பேரையும் ஏரிக்குள்ள தள்ளவேணும்," என்றார் அக்கா. பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "வாங்கோ, பிடியுங்கோ."

நான்கு பெண்கள் நாற்காலியைப் பிடித்தார்கள். மடைப்பள்ளியில் அண்டாவைத் தூக்கிப் பழகிய கைகள். நாற்காலி சரளையிலிருந்து கிளம்பி ஏற்றத்தில் போனது, நான் வெறுங்கையோடு பின்னால் ஓடினேன். மேலே அவளை விளிம்புத் தடுப்போடு இருத்தினார்கள். கீழே ஏரி முழுதாகத் தெரிந்தது.

"நீங்கள் எப்பிடி இவ்வளவு வேளைக்கு வந்தனீங்கள்?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"பஸ்காரன் டேனிஷ்காரன். எட்டு எண்டா எட்டுக்கு எடுத்திட்டான். பாதிப் பேர் தலை இழுக்காமல் ஏறினவை. ஏழு பேரை விட்டிட்டு வந்தனாங்கள்."

அவளுக்கு ஒருவர் தட்டில் தோசை வைத்தார், ஒருவர் பிய்த்துக் கொடுத்தார். ஒருவர் தன் மாமாவுக்கும் இதே வருத்தம் என்று தொடங்க, அக்கா அவரைப் பார்த்த பார்வையில் கதை அங்கேயே நின்றது. யாரும் அவள் வாயை உற்றுப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தார்கள், பழகிவிட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் மடைப்பள்ளியில் இப்போது யார் உப்புக் கூடப் போடுகிறார்கள் என்று சண்டை வந்தது, அதில் என் மனைவியின் தீர்ப்பையும் கேட்டார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை அடுத்தவர் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிப் பொறுமையாகக் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்த மனிதர்களிடமிருந்துதான் நான் அவளை எட்டு மாதம் காப்பாற்றினேன். அவர்கள் என்னைத் திட்டியது போதாது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர்கள் படகு பார்க்கக் கீழே இறங்கிய பிறகு, நான் அவளைக் காரில் இருத்தி, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தேன். சாவியைப் போடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ. என்ர ஃபோனைத் தாங்கோ."

பிறகு ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினாள். முதலில் வேலையிடத்தில் அவளோடு நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை. பிறகு ஹேர்னிங்கில் இருக்கும் மச்சாள். "எனக்கு... பாரிசவாதம் வந்தது. ஐப்பசியில. நான் கனடாவுக்குப் போகேல்லை. கோவியாதேங்கோ." ஒவ்வொருவருக்கும் அதே சொற்கள், அதே இடத்தில் அதே தடுமாற்றம். மறுமுனையில் சத்தம் போடுவதும் அழுவதும் எனக்கும் கேட்டது. மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது தடுமாற்றம் குறைந்திருந்தது.

நான் சொல்லவேண்டிய சொற்கள் அவை. உதவி செய்யவா என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள், அடுத்த எண்ணைத் தேடினாள். பட்டியல் நீளமாக இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்த பார்க்கிங் சீட்டைப் பார்த்தேன். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. சத்தம் போடாமல் கதவைத் திறந்து இறங்கிப் போய், மெஷினில் இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்குக் காசு போட்டுவிட்டு வந்தேன்.