தோட்டத்துக்குள் போன சுமைதாங்கி

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் விலக்கில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பாரத்தை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். சாலையை அகலப்படுத்தியபோது அது காணாமல் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் இன்னும் சில நிற்பதாகக் கேள்விப்பட்டு, போன மாசியில் கிளம்பினேன்.

யாழ்ப்பாணம் நகரிலிருந்து பருத்தித்துறைச் சாலையில் புத்தூர் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். பேருந்து உண்டு. ஆனால் நின்று நின்று பார்க்க ஆட்டோதான் வசதி. அரை நாளுக்கு ஐயாயிரம் இலங்கை ரூபாய். ஓட்டுநர் சுகந்தனுக்கு முப்பது வயதிருக்கும்.

முதலில் பார்த்த கல் தாரில் முழங்கால் அளவுக்குப் புதைந்திருந்தது. அடுத்ததில் டியூஷன் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுகந்தன் சொன்னார்: "அண்ணை, நல்ல கல்லு ஒண்டு ஒரு விடுதிக்குள்ளை நிக்குது. வாங்கோ, தேத்தண்ணியும் குடிக்கலாம்."

விடுதித் தோட்டத்தில், புல்தரை நடுவே கல்லைக் கழுவித் துடைத்து, கீழே விளக்குகள் பொருத்தி நிறுத்தியிருந்தார்கள். கல்யாணம் ஆகப்போகும் ஜோடி ஒன்று அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. விடுதிக்காரர் ராஜன் சுவிஸிலிருந்து திரும்பியவர். "றோட்டு வேலைக்குப் பிடுங்கி மதகடியிலை போட்டிருந்தவங்கள். நான்தான் ட்ரக்டரிலை ஏத்திக்கொண்டு வந்தனான்" என்றார். அந்தப் பெருமை நியாயமானதுதான்.

அப்போது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தவமலர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கையிலிருந்த காய்கறிப் பையை இயல்பாகக் கல்லின்மேல் வைத்தார்.

"அம்மா, உந்தப் பையை எடுங்கோ, படத்திலை விழுது" என்றார் படம் எடுப்பவர்.

பையை எடுத்துக்கொண்டு ராஜனிடம் வந்தார். "தம்பி, போன கிழமையும் கேட்டனான். அது என்ரை அப்பாவின்ரை அக்காவுக்கு வைச்ச கல்லு. திருப்பித் தாங்கோவன்."

"மாட்டன் எண்டு சொல்லேல்லை அக்கா. எங்கை கொண்டுபோய் வைப்பியள்?"

"றோட்டுக்கரையிலை."

"அங்கை விடமாட்டினம். உங்கடை வீட்டு வளவுக்குள்ளை வையுங்கோவன்."

"வளவுக்குள்ளை வைச்சு ஆருக்கு? போற வாற சனம் பாரம் இறக்கவேணும், அப்பதான் அவவின்ரை பாரமும் இறங்கும் எண்டுதானே வைச்சவை."

ராஜன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இப்ப ஆர் அக்கா தலையிலை சுமந்துகொண்டு போகினம்?"

தவமலர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். ராஜனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலும். "அவவின்ரை பேரைச் சொல்லுங்கோ. பெரிசா ஒரு பலகை எழுதி வைக்கிறன்" என்றார்.

தவமலர் சொன்னார்: "பேர் தெரியாது தம்பி. வீட்டிலை 'மோசம் போனவ' எண்டுதான் கதைக்கிறவை." இறந்துபோனவர் என்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள்.

ஜோடி போனபின் தவமலரும் ராஜனும் நானும் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தோம். எழுத்து இருந்த தடம் தெரிந்தது. ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. தவமலர் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராஜன் இல்லாவிட்டால் அந்தக் கல்லே மிஞ்சியிருக்காது. சாலையோரத்தில் நின்றபோது பார்த்தவர்களைவிட இப்போது பார்ப்பவர்கள் அதிகம். இருந்தும் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஏதோ துக்க வீட்டிலிருந்து வருவதுபோலத்தான் இருந்தது. கல்லைக் காப்பாற்ற ஒருவர் வந்தார். அந்தப் பெயரைச் சொல்லத்தான் எவரும் மிச்சமில்லை.

போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பகல் வெயில் தாங்காது. கல்லைக் கண்டால் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், யாருக்காக வைத்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சென்ற வாரம் சுகந்தன் ஒரு படம் அனுப்பினார். ராஜன் பலகை வைத்துவிட்டார். 'ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும்' என்று எழுதி, அதன் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் உறவினர்களிடம் தவமலர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.