அடம்பன் வயலுக்கு மேலே அக்கா

அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார். "உள்ளதை எழுது. கூட்டிக் குறைச்சு எழுதாதை. வாசிக்கிறது அவளைத் தெரிஞ்ச ஆக்கள்," என்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அம்மாவின் அந்தச் சொல்லை மனதில் வைத்து இதனை வாசிக்க வேண்டுகிறேன்.

அடம்பனில் வயலும் மாடுமாக வாழ்ந்த குடும்பத்தில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவருக்குப் பின் தங்கை நான். வேறு சகோதரங்கள் எங்களுக்கு இல்லை. உழவு காலத்தில் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோகும் அக்கா, உழவு இயந்திரத்தின் மட்காட்டில் ஏறியிருந்து, உடம்பெல்லாம் சேறாக வீட்டுக்கு வருவார். அம்மா ஏசுவார். அப்பா சிரிப்பார்.

அந்த அப்பா அதிக காலம் எங்களுடன் இருக்கவில்லை. யுத்தம் ஊருக்குள் வந்த ஆண்டில் ஒரு காலை, பட்டியில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போனார். விமானச் சத்தம் கேட்டது. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கினார். சத்தம் அடங்கி நாங்கள் வெளியே வந்தபோது பட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்காவுக்கு அப்போது பத்து வயதளவில் இருக்கும்.

அதன்பின் அம்மா எங்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோய், வள்ளமேற்றி இந்தியாவில் இறக்கினார். அகதி முகாமில் சில ஆண்டுகள் இருந்தோம். அங்கேதான் அக்கா கணக்கில் கெட்டிக்காரியானார். ஊர் திரும்பி உயர்தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறும் பெற்றார். பல்கலைக்கழகம் போகும் வயதில் மறுபடியும் இடப்பெயர்வு வந்தது. அந்தக் கதை உங்கள் எல்லோருடைய வீட்டிலும் உண்டு, நான் விரிக்கவில்லை.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின், மன்னார்த் தீவில் உடைமரங்களுக்கும் பனைகளுக்கும் நடுவே கிடந்த பழைய ஓடுபாதையைத் திருத்தி, ஒரு சிறிய விமான நிலையமாக்கி, அங்கே விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அக்கா அந்தப் பள்ளியின் கந்தோரில் எழுதுனராகச் சேர்ந்தார். காலையில் அடம்பனிலிருந்து பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவார். ஒரு நாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து இருந்தார்.

"அம்மா, நான் பிளேன் ஓட்டப் பழகப் போறன். கந்தோரில வேலை செய்யிற ஆக்களுக்கும் பழக்கித் தருவினமாம்."

அம்மாவின் கைச்சுளகு நின்றது. "எந்தப் பிளேன்?"

"சின்னன். ரெண்டு பேர் இருக்கிறது."

"உன்ரை அப்பாவைக் கொன்ற பிளேன் பெரிசோ சின்னனோ எண்டு நான் பாக்கேல்லை," என்றார் அம்மா. மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

அக்கா பழகினார். அம்மா தடுக்கவுமில்லை, அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. அக்கா லைசென்ஸ் எடுத்து, பின்னர் பயிற்றுநராகவும் ஆனபோது ஊரெல்லாம் வந்து வாழ்த்தியது. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்தார். உடனே அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

அந்த நிலையத்தை அறியாத உறவினருக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அது பெரிய இடமல்ல. ஒரு ஓடுபாதை, தகரக் கொட்டகையில் மூன்று நான்கு சிறு விமானங்கள், ஒரு வகுப்பறை, வாசலில் றஹீம் நானாவின் தேநீர்க் கடை. ஓடுபாதையில் கழுதைகள் படுத்திருக்கும். யாராவது சைக்கிளில் போய்க் கலைத்த பின்னர்தான் விமானம் ஏறும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். தலைமைப் பயிற்றுநர் காலிப் பக்கத்துச் சிங்களவர். எல்லோரும் அவரைச் சேர் என்பார்கள். பெருநாளுக்கு நானா வீட்டு வட்டிலப்பம் கொட்டகைக்கு வரும். பொங்கலுக்கு அக்கா அதே கொட்டகை முன்னால் பானை வைப்பார். நத்தார்ப் பண்டிகைக்கு மாணவர்கள் விமானத்தின் சிறகில் விளக்குக் கட்டுவார்கள். சனிக்கிழமைகளில் தீவின் பாடசாலைப் பிள்ளைகள் வந்தால், அக்கா அவர்களை ஒவ்வொருவராக விமானி ஆசனத்தில் இருத்தி, இதைத் திருப்பினால் இது அசையும் என்று சலிக்காமல் காட்டுவார். அப்படி வந்து இருந்தவர்களில் ஒருத்திதான் தலைமன்னார் மீனவர் ஒருவரின் மகள் ஜெனிற்றா. வளர்ந்ததும் அக்காவிடமே பழக வந்து, பின் அக்காவுடனேயே பயிற்றுநராக நின்றார்.

ஒருமுறை கச்சான் காற்றில் ஒரு வள்ளம் எஞ்சின் பழுதாகிக் கடலில் இழுபட்டுப் போனது. அதில் இருந்தவர் ஜெனிற்றாவின் தகப்பனார். அக்கா ஜெனிற்றாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தேடப் போனார். "அழாமல் இடப்பக்கம் பார். வலப்பக்கம் நான் பாக்கிறன்," என்று மட்டும் சொன்னாராம். வள்ளத்தைக் கண்டு வானொலியில் இடத்தைச் சொல்லி, வேறு வள்ளங்கள் வந்து சேரும்வரை அதற்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தகப்பனார் இன்று நம்மிடையே இருக்கிறார். பாடை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அக்கா திருமணம் செய்யவில்லை. பேச்சுகள் வந்தன. பறப்பதை விட வேண்டும் என்று கேட்டவர்களோடு பேச்சு அத்துடன் முடிந்தது.

சில வருடங்களுக்கு முன் அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கின. விமானிகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அக்காவுக்கு அதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. இருந்தும் அவர் தானாகவே கொழும்புக்குப் போய் வைத்தியரிடம் வீக்கத்தைக் காட்டினார். நான் கூடப் போயிருந்தேன். சிறுநீரகங்கள் இரண்டும் பழுதடைந்துவிட்டன என்றும், இனி விமானம் ஓட்ட அனுமதி இல்லை என்றும் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் என் மனம் கேட்காமல், "அக்கா, கொஞ்ச நாள் சொல்லாமல் விட்டிருக்கலாமெல்லே?" என்றேன்.

"எனக்குப் பக்கத்தில ஆரின்ரையோ பிள்ளை இருக்கும். நான் மயங்கிப் போனா அது என்ன செய்யும்?" என்றார். மதவாச்சி தாண்டும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அழவில்லை.

அடுத்த நாள் அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சிதறுதேங்காய் அடித்தார். மகள் இனி மேலே ஏறமாட்டாள் என்பதற்காக அடித்த தேங்காய் அது. அக்காவுக்கும் அது விளங்கியது. அம்மா கொண்டுவந்த திருநீற்றை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார்.

என் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தவில்லை. அம்மாவுடையதை வயதைக் காரணம் காட்டி ஏற்கவில்லை. வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடைப்பட்ட நாட்களில் இயலுமானவரை அக்கா நிலையத்துக்குப் போய் வகுப்பறையில் படிப்பித்தார். காற்றையும் முகிலையும் பற்றி அவர் படிப்பித்த அளவுக்கு யாராலும் முடியாது என்று மாணவர்கள் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். சாப்பாட்டைத் தொடமாட்டார். அம்மா கால்மாட்டில் இருந்து காலைப் பிடித்துவிடுவார். இருவரும் பேசுவதில்லை.

ஒரு நாள் காலை அம்மா வெளிக்கிட்டு நின்றார். "என்னை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடங்களில் அம்மா அந்த நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. பஸ்ஸிலும் பிறகு ஓட்டோவிலுமாகப் போனோம். கொட்டகைக்குள் நின்ற விமானத்தைக் கண்டதும் அம்மா என் கையைப் பிடித்தார். சேர் கதிரை கொண்டுவந்து போட்டார். அம்மா இருக்கவில்லை.

"தம்பி, என்ரை பிள்ளையை ஒருக்கா மேலை கொண்டு போங்கோ."

சேருக்குத் தமிழ் ஓரளவுதான். தான் சரியாகக் கேட்டேனா என்று என்னைப் பார்த்தார். பிறகு, "அம்மாவுக்குப் பயம் இல்லையா?" என்றார்.

"பயம்தான். நீங்கள் அவளை இறக்கிக் கொண்டந்து விடுமட்டும் எனக்கு மூச்சு வராது. எண்டாலும் அவள் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதை என்னாலை பாக்க ஏலாது."

சேர் சரி என்றார். பிறகு வைத்தியரைக் கேட்டு, சுத்திகரிப்பு முடிந்து உடம்பு தெளிவாக இருக்கும் ஒரு நாளைக் குறித்தார். ஓட்டுவது ஜெனிற்றா என்றும் அக்கா பக்கத்து ஆசனத்தில் இருப்பது என்றும் முடிவாயிற்று. எங்கே போக வேண்டும் என்று ஜெனிற்றா கேட்டபோது, அக்கா அடம்பன் என்றாராம். அதுவரை அவர் எங்கள் ஊருக்கு மேலால் ஒருநாளும் பறந்ததில்லை. அம்மாவின் காதில் சத்தம் விழக்கூடாதென்று மாணவர்களையும் அந்தப் பக்கம் கொண்டுவராமலே பழக்கியிருக்கிறார். அதைச் சேர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

பறக்கும் நாளன்று நானா அக்காவுடன் நிலையத்தில் நின்றார். நான் அம்மாவோடு வீட்டில் நின்றேன். விமானச் சத்தம் நானாட்டான் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது.  அம்மாவின் கால்கள் வீட்டுக்குள் போகத் திரும்பின. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பிறகு முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்து, வயல் வரம்பில் ஏறி, மரநிழல் எதுவும் இல்லாத வெளியில் போய் நின்றார். விமானம் எங்கள் வயலை ஒருமுறை சுற்றியது. அம்மா முகத்தை நிமிர்த்தி அது மறையும்வரை பார்த்தார்.

இறங்கியதும் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"அம்மா, வரம்பில நிண்டது நீங்களோ?"

"ஓம். வேறை ஆர் நிக்கிறது? சாப்பிட்டனியோ?"

"இனித்தான். நானா சோறு கொண்டந்தவர். அம்மா, எங்கடை வயல் மேலாலை பாக்க நல்ல வடிவு."

"நான் கீழை நிண்டு பாக்கிறனான்தானே," என்றார் அம்மா. தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

அதன்பின் மாணவர்கள் பயிற்சிக்கு எங்கள் ஊர்ப் பக்கமும் வரத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டால் அக்கா கட்டிலில் கிடந்தபடியே, இது ஜெனிற்றா, இது புதுப் பிள்ளை, இன்னும் வளைக்க வேணும் என்பார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து பார்ப்பார். அக்காவும் அம்மாவும் அதிகம் கதைத்தது அந்தச் சில மாதங்களில்தான். அப்பாவைப் பற்றியும் கதைத்தார்கள்.

கடைசி வாரத்தில் நெஞ்சில் நீர் கட்டி மூச்செடுக்கச் சிரமப்பட்டார். வைத்தியசாலையில் அம்மாவும் நானும் மாறி மாறி இருந்தோம். கடைசி நாள் பின்னேரம் இருவரும் பக்கத்தில் இருந்தபோது, "தலைமயிரை இழுத்துக் கட்டிவிடு, கண்ணுக்குள்ளை விழுகுது," என்றார். நான் பின்னி முடித்து நிமிர்த்தியபோது கண்ணை மூடியிருந்தார். அம்மா மட்டும் அவரை நித்திரை என்று நினைத்து நெடுநேரம் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவைப் பார்த்த வைத்தியர்கள், தாதியர். சுத்திகரிப்பு நாட்களில் எங்களை ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரத் தம்பி. கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாளும் எங்கள் வீட்டு வாசலில் நின்று வந்தவர்களைக் கவனித்த றஹீம் நானா, சமைத்து அனுப்பிய அவரது மனைவி. வெள்ளைச் சீருடையோடு வெயிலில் நின்ற மாணவர்கள். கொள்ளி வைத்த மாமாவின் மகன். அயலவர், உறவினர் அனைவருக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம். தனித்தனியே வந்து சொல்ல எங்களுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேருக்கும் ஜெனிற்றாவுக்கும் அம்மா ஒன்றைத் தனியாக எழுதச் சொன்னார். செத்தவீடு நடந்த நாளிலிருந்து, எங்கள் துக்கத்துக்கு மரியாதையாக, விமானங்கள் அடம்பன் பக்கம் வருவதை நிறுத்தியிருக்கிறீர்கள். அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்:

"பிள்ளையளை எங்கடை வீட்டுக்கு மேலாலை பறக்கச் சொல்லு. ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கு."