சிமெண்டு பூசிக் கொன்ற கடற்கரைப் பங்களா

மே மாத உச்சி வெயிலிலும் கன்னத்தை வைத்தால் ஈரத்துணிபோலச் சில்லென்று இருக்கும் அந்தச் சுவர். காரிமங்கலத்துப் புழுதியிலிருந்து கோடை விடுமுறைக்குக் கடற்கரை ஊருக்குப் போன எனக்குக் கடலைவிட அதுதான் அதிசயம். அப்பாவின் அக்கா லூர்து அத்தை அங்கே, வெள்ளைக்காரர் காலத்து விருந்தினர் பங்களா ஒன்றில் காவலும் சமையலுமாக இருந்தார். ஒருநாள் சுவரை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. "ஏன்டீ, வூட்ல உங்காத்தா உப்புப் போட்டுச் சோறாக்கறதே இல்லியா?" என்று அத்தை கேட்டார்.

வந்தவர்களெல்லாம் உருண்டைத் தூண்களைப் பார்த்து வாய்பிளக்க, அத்தைக்கோ அந்தக் கட்டடத்தின் உயிர் பூச்சில் இருந்தது. கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, மெல்ல வெளியே விட்டு, உப்பைத் தோலோடு உதிர்த்துவிடும் சுண்ணாம்புப் பூச்சு. அதை அவர் "வேர்க்கறது" என்பார். உதிர்ந்த இடத்தில் ஆண்டுதோறும் சுண்ணாம்பையே பூச வைப்பார். "வேர்வைய அடச்சா மனுசனே செத்துப்போவான், செவுரு எம்மாத்தரம்?"

அத்தை காலத்துக்குப்பின் அரசு பங்களாவை எடுத்துக்கொண்டு "பாரம்பரியச் சின்னம்" என்று பலகை நட்டது. பலகை நட்ட கையோடு, சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூச மதிப்பீடும் போட்டது. கட்டுமான அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரசு விலைப்பட்டியலில் சிமெண்டுப் பூச்சுக்கு வரிசை எண் இருந்து, சுண்ணாம்புக்கு இல்லாவிட்டால், எதைப் பூசுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் உரிய படிவத்தில், உரிய இணைப்புகளோடு மனுப் போட்டேன். பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்து, "அது வேர்க்கற செவுரு தம்பி, அடச்சிராதீங்க" என்றேன்.

"செவுத்துக்கு வேர்க்குமாங்க மேடம்? வேணும்னா ஒரு ஃபேன் போட்டுடலாங்க" என்று சிரித்தார்.

சிமெண்டு பூசி மூன்றே மழைக்காலம். வெளியேற வழியில்லாத உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லை மாவாக்கியது. பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உடனே, பூசவைத்த அதே அரசு அலுவலகம், கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்று பழியை அதன்மேலேயே போட்டு, "உறுதியற்றது" எனச் சான்று கொடுத்து இடித்தது. இப்போது அங்கே சுற்றுலா வண்டிகள் நிற்கின்றன.

தகவல் கேட்டு எழுதினேன். கட்டடமே இல்லாததால் என் மனு முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்தது. இணைப்பாகப் பணி நிறைவுச் சான்றிதழ்: "பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் பணி திருப்திகரமாக முடிந்தது." பழக்கதோஷம், வரி வரியாகச் சரிபார்த்தேன். முத்திரை, கையொப்பம், தேதி, எதிலும் பிழையில்லை. மேல்முறையீட்டுக்கு இடம் வைக்காமல் கொன்றிருக்கிறார்கள்.