பழவங்காடியில் தீர்ந்த தண்ணீர்

மாரத்தான் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது வயிறு எரிகிறது. ஓடுகிறவர்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. நடத்துகிறோம் என்று கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம்.

எனக்கு ஓட்டம் வராது. என் கணவரின் தங்கை ஓடப் பெயர் கொடுத்தாள் என்பதற்காகத்தான் தண்ணீர் கொடுக்க நான் பெயர் கொடுத்தேன். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கர்ப்பப்பையை எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தவள் ஓட ஆரம்பித்து, ஒருநாள் இருபத்தொரு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். வீட்டில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். என் கணவரே, "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். அவள் பாட்டுக்கு ஆறு மாதம், விடிவதற்குள் எழுந்து மியூசியத்தைச் சுற்றி ஓடினாள். முந்தின நாள் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"மதினி, நான் கடைசியிலதான் வருவேன், கேட்டோ. ஜெயிக்கவெல்லாம் வேண்டாம். எங்கயும் உக்காராம முடிக்கணும், அவ்வளவுதான். உங்க மேஜையில எனக்குத் தண்ணி இருக்கும்லா?"

"இல்லாம எங்க போகும்? நான்லா அங்க நிக்கேன்" என்றேன்.

பழவங்காடி கோயிலைத் தாண்டி ஓவர்பிரிட்ஜ் போகும் வழியில், பதினாறாவது கிலோமீட்டரில் எங்கள் மேஜை. குடியிருப்போர் சங்கத்திலிருந்து என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். பன்னிரண்டு கேன் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். எங்களுக்குப் பொறுப்பாளன் ஒருவன், கையில் வாக்கி டாக்கி, முப்பது வயதிருக்கும். நான் கோப்பை நிறைய ஊற்றுவதைப் பார்த்ததும் ஓடி வந்து மலையாளத்தில் சொன்னான்.

"சேச்சீ, பகுதி மதி. இத்தர நிறைக்கண்டா."

பாதி போதுமாம். எங்களுக்கு ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடை. நெடுமங்காட்டிலிருந்து சரக்கெடுக்க வருகிறவருக்கு, விலை பேசும் முன் விளிம்பு தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்போம். பாதி டம்ளரை நீட்டினால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம். இருபத்தைந்து வருடம் அந்தக் கடையில் பழகிய கை இது. தாகத்தோடு வருகிறவனுக்கு அரைக் கோப்பை நீட்ட அது மறுத்துவிட்டது. அவன் தலை மறைந்ததும் நிறைத்தே ஊற்றினேன்.

முதலில் வந்தவர்கள் காற்றாய் வந்தார்கள். கோயில் பக்கம் திரும்பி நெற்றியைத் தொட்டுக்கொள்வார்கள், அதே கையால் கோப்பையைப் பிடுங்குவார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோப்பையை ரோட்டில் எறிவார்கள். என் முகத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஏழே முக்காலுக்கு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. அப்போது ஆறு கேன் மிச்சம். இரண்டு ஆட்கள் இறங்கி மடமடவென்று தூக்க ஆரம்பித்தார்கள்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"ஃபினிஷில வெள்ளம் தீர்ந்து சேச்சீ. விஐபி எல்லாம் எத்தி" என்றான் பொறுப்பாளன். முடிவுக்கோட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம், பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்களாம். "இவிட இனி ஆரும் இல்லல்லோ."

"ஆரும் இல்லயா? எட்டரை வரைக்கும் ஆள் வரும்னு உங்க பேப்பர்லயே போட்டிருக்கே! என் நாத்தனார் பின்னாடி வந்துட்டிருக்கா!"

"சேச்சியுடெ ஆளுண்டோ? எந்நால் ஒரெண்ணம் வெக்காம்."

ஒரே ஒரு கேனை விட்டுவைத்து, மற்ற ஐந்தையும் ஏற்றச் சொன்னான். ஏதோ அவன் வீட்டுக் கல்யாணத்தில் எனக்காக ஒரு இலை கூடுதலாகப் போடுகிறவன் மாதிரி சொன்னான். பின்னால் வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் பணம் கட்டித்தானே ஓடினார்கள்? முன்னால் ஓடினவனுக்குத் தலையில் ஊற்றத் தண்ணீர், பின்னால் வருகிறவனுக்கு நாக்கு நனையக்கூட இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்னொரு வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவனும் அதிலேயே ஏறிப் போனான். எந்த வண்டியும் வரவில்லை.

மெதுவாக வருகிறவர்கள்தான் நின்றார்கள். இரண்டு கையாலும் வாங்கி ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார்கள். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். எப்படி இல்லையென்பது? எட்டு மணிக்கெல்லாம் அந்த ஒரு கேனும் காலி. நான் கோயில் பக்கம் டீக்கடைக்குப் போனேன். கூட்டத்தில் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் வந்து போய்விட்டாள்.

"ஒரு சேச்சி வந்நு நிந்நு. உங்களத் தேடிட்டுப் போனாங்க" என்றாள் கூட இருந்த பெண்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் பாட்டிலோடு ஓவர்பிரிட்ஜ் வரை ஓடினேன். மூச்சு முட்டியதுதான் மிச்சம். ரோட்டை அடைத்திருந்ததால் ஆட்டோவும் கிடைக்கவில்லை.

ஃபினிஷுக்கு நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது, நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டாச்சூ ஜங்ஷன் ஏற்றத்தில் தலைசுற்றி உட்கார்ந்தவளை வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்தில் உப்புமா சாப்பிட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று கைகழுவிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தண்ணீரில்? கேன் மேல் மார்க்கரில் 'பழவங்காடி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை உருட்டிவிட்டிருப்பேன்.

அதற்குள் நம் பொறுப்பாளன் ஒரு பதக்கத்தோடு வந்து அவள் கழுத்தில் மாட்டினான். தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு, பதக்கம் குவிந்து கிடந்தது. அவள் கழற்றி நீட்டினாள்.

"நான் முடிக்கலயே."

"சாரமில்லா சேச்சீ, ஆரும் நோக்கில்லா. வெச்சோளூ."

யாரும் பார்க்கமாட்டார்களாம், வைத்துக்கொள்ளலாமாம். அவள் எழுந்து போய் அதை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கொதித்துக்கொண்டே வந்தேன். அவனை விடமாட்டேன், புகார் எழுதுவேன், அஞ்சு கேனைத் திருடிவிட்டான் என்றெல்லாம் கத்தினேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் எத்தன கேன் மதினி?"

"பன்னிரண்டு."

"அவங்க வரும்போது?"

"ஆறு இருந்துச்சு."

"அப்போ முதல் ஆறு?"

ரோட்டில் ஊற்றிப்போன தண்ணீரைச் சொன்னேன். அவன் பாதி போதும் என்று சொன்னதையும், நான் கேட்காததையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. எப்போதும் பரவாயில்லை மதினி என்று சொல்கிறவள் அன்று அதைச் சொல்லவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள்.

புகாரை எழுதி அனுப்பினேன். அஞ்சு கேனைப் பற்றி மட்டும்தான் எழுதினேன்.