கெம்பஸுக்குள் புகுந்த மாடு

மகள் பிறந்த நாற்பதாம் நாள், அவளுடைய பல்கலைக்கழகப் படிப்புக்காக ஒரு பசுக்கன்று வாங்கினேன். நான் கல்முனையில் வணிகக்கல்வி ஆசிரியன். முதலீடு பற்றிப் பாடம் எடுப்பவன். ஆனால் வங்கியில் போட்டால் வட்டி வரும், ஹராம் என்றாள் மனைவி. நகை வாங்கினால் குடும்பத்தின் ஒவ்வொரு கலியாணத்துக்கும் இரவல் போய்விடும். அவளுடைய காக்கா, மூத்த அண்ணன்தான் வழி சொன்னார்:

"மாட்ட வாங்கி உடுங்க மச்சான். அது சும்மா நிண்டாலும் பெருகும்."

பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவில் பக்கம் மாடு வளர்க்கும் ஒருவரிடம் கன்றை விட்டோம். போடுகிற கன்றுகளில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. எனக்கே விற்கும் ஆசை வந்துவிடக் கூடாதென்று, மாடு மகளுடையது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

மாடு வளர்ந்தது. கன்றுதான் போடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் குர்பானுக்கு அறுக்கக் கேட்டு ஆட்கள் வருவார்கள். "அது கெம்பஸ் மாடு, குடுக்க ஏலா" என்று மனைவி அனுப்பிவிடுவாள். சொந்தக்காரர்கள் மகளின் படிப்பை விட்டுவிட்டு மாட்டின் சுகத்தை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

மகள் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒரு காலை, வளர்ப்பவர் போனில் கோல் எடுத்தார்.

"சேர், மாடு கெம்பஸுக்குள்ள பூந்துட்டு. செக்குரிட்டி கட்டி வெச்சிரிக்கான். சொந்தக்காரர் கையெழுத்து வெச்சாத்தான் உடுவானாம்."

"நான் வாறன்."

"நீங்க வந்து சரிவராது. சொந்தக்காரர் உங்கட மகள் எண்டு சொல்லிப்போட்டன்."

பாடசாலையில் லீவு கேட்டு, வெள்ளைச் சீருடையோடு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி பெரிய பதிவுப் புத்தகத்தை விரித்தார்.

"மகள் எந்தப் பீடம்?"

"நாலாம் வகுப்பு."

அவர் சற்று யோசித்து, படிக்கும் பீடம் என்ற இடத்தில் 'மாடு' என்று எழுதினார். மகள் அதற்கு நேரே கையெழுத்திட்டாள்.

மாடு நூலகத்துக்கு முன்னால் நின்றது. பூப்பாத்தி ஒன்றை முழுதாகத் தின்று முடித்திருந்தது. மாணவர்கள் அதோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"வாப்பா, இஞ்ச படிக்கத்தானே மாடு வளக்கிறம்?"

"ஓம் மகள்."

"இஞ்ச படிக்க எவ்வளவு கட்டணும்?"

"ஒண்டுமில்ல. அரசாங்கம்தானே படிப்பிக்குது."

"அப்ப மாடு என்னத்துக்கு?"

தங்கும் இடம், சாப்பாடு, லெப்டொப் என்று இழுத்தேன். எனக்கே நம்பிக்கையாக இல்லை. அந்த வழியால் வந்த விரிவுரையாளர் ஒருவர் மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இது சினை மாடு. ஓட உடாம மெதுவாக் கொண்டு போங்க."

வளர்ப்பவர் வீடு வரை மூன்று மைல் தூரமும் மாட்டின் நடைக்கு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். எனக்கு வெட்கம், மகளுக்கோ பெருநாள் சந்தோசம்.

பிறந்த முதல் கன்றை வளர்ப்பவர் எடுத்தார். அடுத்தது எங்களுக்கு, காளை. அதை விற்று, வட்டியில்லாத இலாபப் பங்குக் கணக்கொன்றில் போட்டோம். அப்படியொரு கணக்கு பக்கத்துத் தெருவிலேயே இத்தனை காலமாக இருந்தது இந்த வணிகக்கல்வி ஆசிரியனுக்குத் தெரியாது. பசுவையும் விற்றுவிடலாம் என்றேன். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தவள் தான்தான் என்று மகள் மறுத்துவிட்டாள்.