பன்னிரண்டு வெள்ளிக் கத்தி

படகில் நான்கு பேர். நான். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. என்னோடு லோரி ஓட்டுகிற நண்பன். படகுக்காரர், வயதான மலாய்க்காரர், பாக்சிக் என்று கூப்பிடுவோம்.

ஜெஞ்சாரோம் தாண்டி ஆற்றில் மீன் பிடிக்கப் போயிருந்தோம். நான் மீனுக்காகப் போகவில்லை. அடுத்த மாதம் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமனோடு தீபாவளியிலிருந்து எனக்குப் பேச்சு இல்லை. வாயை விட்டது நான்தான். "தம்பியக் கூட்டிட்டுப் போங்க. மறுபடி சண்டை போடாம வாங்க," என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

இரண்டு மணி நேரம் ஆகியும் அவன் என்னிடம் பேசவில்லை. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. கத்தியை உறையிலிருந்து எடுத்தேன், போட்டேன், எடுத்தேன்.

"அண்ணே, சும்மா சும்மா உருவாதீங்க லா. மச்சான் பயந்து ஆத்துல குதிச்சிரப் போறாரு," என்றான் நண்பன். மச்சான் சிரிக்கவில்லை.

அது பூச்சோங் பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாங்கிய கத்தி. விலை பன்னிரண்டு வெள்ளி. மடங்காது. ஸ்பிரிங் கிடையாது, திருகாணி கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஆரஞ்சு பிளாஸ்டிக் பிடி, சேற்றில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மீன் குடலை எடுத்துவிட்டு ஆற்றில் அலசி, கால்சட்டையில் துடைத்தால் வேலை முடிந்தது. மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடிவிளிம்பில் நாலு இழுப்பு. டின் திறப்பேன், வேர் நோண்டுவேன். விலை கூடின கத்தியில் அதெல்லாம் செய்ய மனசு வராது. தொலைந்தால் வயிறு எரியாது. எப்போதும் இரண்டாக வாங்குவேன்.

மச்சானுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ் வேலை. அவன் கொண்டுவந்தது மடக்குக் கத்தி. இருநூற்று எண்பது வெள்ளி. துணியில் சுற்றி வைத்திருந்தான்.

கடல் வற்றும் நேரம், ஆற்றில் தண்ணீர் வடியத் தொடங்கியது. பாக்சிக் இன்ஜினைப் போட்டார். நங்கூரக் கயிறு பின்னால் தண்ணீருக்குள் இன்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் நின்றது.

"செப்பாட், செப்பாட்!" என்று அவசரப்படுத்தினார். கயிற்றை அறுக்காவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். பிறகு சாயங்காலம்தான் தண்ணீர் ஏறும்.

இன்ஜின் பக்கத்தில் இருந்தது மச்சான். தன் கத்தியை விரித்தான். துணியில் சுற்றியிருந்தும் மூட்டில் மண் போயிருந்தது. பாதியில் நின்றுவிட்டது. நகத்தால் இழுத்துப் பார்த்தான்.

"உங்க கத்திய குடுங்க மாமா."

காலையிலிருந்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நான் கையில் கொடுக்கவில்லை. எங்கள் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், சண்டை வரும் என்பார்கள். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு எனக்குச் சண்டை வேண்டாம். பலகையில் வைத்தேன். படகு ஆடியது. கத்தி வழுக்கி ஆற்றில் விழுந்தது. பிளாஸ்டிக் பிடி, மிதக்கும் என்று நினைத்திருந்தேன். மிதக்கவில்லை.

"என்ன மாமா இது?"

"கையில குடுக்கக் கூடாதில்ல."

"அதுக்கு ஆத்துக்கா குடுப்பீங்க?"

நண்பன் வாயைப் பொத்திக்கொண்டான். பாக்சிக் தண்ணீரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

பையில் இன்னொன்று இருந்தது. உருவினேன். பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினேன். அவன் வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?"

"சண்டைதான் போட்டாச்சே. புதுசா என்ன வரப்போகுது? பிடி."

பிடித்தான். அவன் குனிந்து அறுக்க, நான் அவன் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கயிறு சீக்கிரம் அறுபடாது. ஆனாலும் அந்தக் கத்தி அறுத்தது. இன்ஜின் ஓடியது. படகின் அடி ஒரு தடவை சேற்றில் தட்டியது, துடுப்பால் தள்ளி வெளியே வந்தோம்.

கரையில் கத்தியைக் கழுவித் துடைத்தான். உறையைக் கேட்டு வாங்கினான். கத்தியைப் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

காருக்குப் போகாமல் நின்றான். நானும் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"காது குத்துக்குச் சாப்பாடு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. உங்க பக்கம் எத்தனை பேருன்னு தெரியணும்."

விரல் விட்டு எண்ணினான். நடுவில் தப்பு வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

"இருபத்து மூணு."